நெஞ்சுவலிக்கு எமர்ஜென்சியில் காத்திருக்கும்போது என்ன கேட்பது, எப்படிச் சொல்வது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். நெஞ்சுவலி வந்தால் மோட்டாரில் ஏறிப் போகாதீர்கள், 999க்கு அடியுங்கள். ஐசியும் (அடையாள அட்டை) சாப்பிடும் மாத்திரைகளும் ஒரே பையில் இருக்கட்டும்.

எமர்ஜென்சியில் வந்த வரிசைப்படி கூப்பிட மாட்டார்கள். நிலைமையைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். அதனால் முதலில் விசாரிக்கிறவரிடம் நீங்கள் சொல்வதுதான் முக்கியம். "ஒரு மாதிரியா இருக்கு" என்றால் போதாது. எங்கே வலி, எப்போது ஆரம்பித்தது, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வியர்த்ததா என்று சொல்லுங்கள். மலாயில் 'சாக்கிட் டாடா' (நெஞ்சுவலி), 'செசாக் நாஃபாஸ்' (மூச்சுத்திணறல்) என்றாலே புரிந்துகொள்வார்கள். நம் பெண்கள் வாயுப்பிடிப்பு என்று சொல்லியே பொறுத்துக்கொள்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் பெரிய வலி இல்லாமலே மாரடைப்பு வரலாம்.

எனக்கு நெஞ்சுவலி வந்து போனபோது ஈசிஜி பார்த்து, இரத்தம் எடுத்து, கையில் ஊசிக்குழாயோடு உட்கார வைத்தார்கள். ஈசிஜி நன்றாக இருப்பதாகக் காதில் விழுந்தது. அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை. "நல்லாத்தானே இருக்கு, போவோமா?" என்று வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். கடைசியில் ஒரு மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. இதயத் தசை பாதிக்கப்பட்டால் ட்ரோபோனின் என்ற புரதம் இரத்தத்தில் கலக்கும், ஆனால் அது ஏறச் சில மணி நேரம் ஆகும். முதல் சோதனை சரியாக இருந்தாலும், இன்னொரு முறை எடுத்து ஒப்பிட்டால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். இந்த இரண்டு வரியை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அத்தனை பயம் இருந்திருக்காது. நோயாளியிடம் இதைச் சொல்வதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே நீங்களே கேளுங்கள்: எதற்காகக் காத்திருக்கிறேன்? அடுத்த இரத்தம் எத்தனை மணிக்கு? சாப்பிடலாமா? பதிலை எழுதி வையுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது ஊசி போட்டீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஷிஃப்ட் மாறினால் புதிய டாக்டரிடம் மறுபடியும் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காத்திருக்கும்போது வலி திரும்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, நம்பர் வரட்டும் என்று இருக்காதீர்கள். உடனே மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். கேன்டீனுக்குப் போவதென்றாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

வீட்டுக்குப் போகலாம் என்றால், எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும், கிளினிக்குக்குக் கடிதம் உண்டா என்று கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.