மடிப்பில் விட்டுப்போன பட்டுப்புடவை

"நல்ல நாள் வரட்டும்" என்று பீரோவில் வைத்த காஞ்சிபுரம் பட்டு அது. 8 வருடத்தில் இரண்டே முறை கட்டியிருப்பேன். போன மாதம் எடுத்தால் ஜரிகை கறுத்து, அங்கங்கே இழை விட்டிருந்தது.

முதலில் ட்ரை வாஷ் கொடுத்தேன். கறுப்பு போகவில்லை. அப்புறம் பூச்சியாக இருக்கும் என்று நாப்தலீன் உருண்டைகள் நாலு போட்டேன். உருண்டை பட்ட இடம் இன்னும் மங்கியதுதான் மிச்சம். புது பிளாஸ்டிக் உறையும் வீண், உள்ளே ஈரம் தங்கியது.

கட்டிலில் முழுசாக விரித்தபோதுதான் கண்ணில் பட்டது: கிழிசல் எல்லாம் ஒரே இடைவெளியில், மடிப்புக் கோட்டின் மேலேயே. பூச்சி அப்படி அளந்து கடிக்காது. இத்தனை வருடம் ஒரே மடிப்பில் கிடந்ததுதான் காரணம். அசல் ஜரிகையில் வெள்ளி உண்டு, ஈரக்காற்றில் கறுக்கும்.

கிழிசலுக்கு டார்னிங் போட்டாயிற்று. இப்போது பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைக்கிறேன். 3 மாதத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றுகிறேன். முக்கியமாக, கட்டுகிறேன். செவ்வாய்க்கிழமை அதிலேயே ரேஷன் கடைக்குப் போனேன். வரிசையில் "என்னக்கா விசேஷம்?" என்றார்கள். துவரம்பருப்பு வந்திருக்கிறது என்றேன்.