மொட்டைமாடியிலிருந்து நெபுலா: ஃபோகஸைப் பிடிப்பதும் நழுவாமல் காப்பதும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரி பிறந்தால், மார்ச் வரை சென்னையில் நமக்கு நல்ல வானம். கிடைக்கிற அந்த இரவுகளை ஃபோகஸ் பிசகிய படங்களால் வீணாக்கக் கூடாது. டெலஸ்கோப்பைத் தாங்கும் மவுண்டை நிறுத்தி, வான துருவத்துக்கு நேராக்கி, ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். கருவிகள்: 80 மி.மீ. எஃப்/6 ரிஃப்ராக்டர் (லென்ஸ் வைத்த டெலஸ்கோப்; குவியத்தூரம் லென்ஸ் விட்டத்தைப்போல 6 மடங்கு, 480 மி.மீ.), டிஎஸ்எல்ஆர் கேமரா.

ஏசி அறையில் இருந்த டெலஸ்கோப்பை வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த லென்ஸில் உடனே படியும். மூடிய பெட்டியோடு ஒரு மணி நேரமாவது மாடியில் இருக்கட்டும்.

அடுத்து பாஹ்டினோவ் மாஸ்க். பாவெல் பாஹ்டினோவ் என்பவர் 2005-ல் உருவாக்கிய, டெலஸ்கோப் வாயில் மாட்டும் வரிவரியான தகடு இது. மோட்டார் வைத்த ஆட்டோஃபோகஸர் நல்லதுதான், ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாஸ்கைத்தான் முதலில் வாங்க வேண்டும் என்பேன். ஃபோகஸ் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே பழகலாம். 3டி பிரிண்ட் எடுத்தும் மாட்டிக்கொள்ளலாம்.

மாஸ்கை மாட்டி, திருவாதிரை, ரீகல் போன்ற பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை நடுவில் கொண்டுவாருங்கள். கேமராத் திரையின் லைவ் வியூவில் பெரிதாக்கினால் ஒரு பெருக்கல் குறியும் அதன் குறுக்கே ஒரு கோடும் தெரியும். கேமரா பொருத்திய குழாயை முன்பின் நகர்த்தும் ஃபோகஸரைத் திருப்பத் திருப்பக் கோடு இடம் மாறும். குறியின் மையத்தில் அது விழுந்தால் சரி.

பலரும் கோட்டைவிடுவது இதற்குப் பிறகு, ஃபோகஸரை அசையாமல் பிடிக்கும் பூட்டுத் திருகில்தான். கோடு நடுவில் நிற்கிறதே என்று மாஸ்கைக் கழற்றிவிட்டுத் திருகை இறுக்குவார்கள். இறுக்கும்போது ஃபோகஸர் குழாய் இம்மியளவு நகரும். எஃப்/6-ல் படம் கூர்மையாக இருக்க நமக்குக் கிடைக்கும் இடமே மொத்தம் 0.1 மி.மீ. அளவுதான்! அதனால் திருகை முதலிலேயே பாதி இறுக்கி, கொஞ்சம் பிடிப்போடு ஃபோகஸ் செய்யுங்கள். கடைசித் திருப்பல் கேமராவை மேலே தூக்கும் திசையில் இருக்கட்டும். எதிர்த்திசையில் முடித்தால், ஃபோகஸரின் பற்சக்கரப் பற்களுக்கு இடையே இருக்கும் தளர்ச்சியில் கேமராவின் எடை குழாயைக் கீழே இழுத்துவிடும். தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்னால் வந்து மறுபடி தூக்குங்கள். அப்புறம் மாஸ்க் இருக்கும்போதே முழுதாக இறுக்கி, சில விநாடி எக்ஸ்போஷரில் ஒரு படம் எடுங்கள். கோடு நகர்ந்திருந்தால் தளர்த்தி மீண்டும் செய்யுங்கள். நகரவில்லை என்றால்தான் மாஸ்கைக் கழற்ற வேண்டும்.

நகர வெளிச்சத்தை வெட்ட டூயல்பேண்ட் ஃபில்டர் (நெபுலா ஒளிரும் இரண்டு நிறப் பட்டைகளை மட்டும் விடும் கண்ணாடி) போடுகிறவர்கள் அதைப் போட்ட பிறகே இத்தனையும் செய்யுங்கள். கண்ணாடித் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஃபோகஸ் பின்னால் தள்ளிப்போகும். 2 மி.மீ. ஃபில்டர் என்றால் 0.67 மி.மீ.

ஒருமுறை பிடித்த ஃபோகஸ் விடியும்வரை தாங்காது. ஒரு மீட்டர் அலுமினியம் டிகிரி செல்சியஸுக்கு 23 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சுருங்கும். நம் 480 மி.மீ. குழாய்க்கு அது 11 மைக்ரான். நடுவில் நிறுத்திய ஃபோகஸ், வெப்பம் 4, 5 டிகிரி இறங்கினாலே அந்த 0.1 மி.மீ. இடத்தின் எல்லையைத் தொட்டுவிடும். லென்ஸில் வரும் மாற்றம் தனி. மாடியில் மணிக்கொரு முறை மாஸ்கை மாட்டிப் பார்ப்பேன். காவலூர்ப் பக்கம் ஜவ்வாது மலைக்குப் போனால் குளிர் சீக்கிரம் இறங்கும், அங்கே அரை மணிக்கொரு முறை.

பிற்சேர்க்கை: நள்ளிரவுக்குப் பிறகு நட்சத்திரங்கள் ஊதிப்போகின்றன, ஆனால் மாஸ்கில் கோடு நடுவில்தான் நிற்கிறது என்று வேளச்சேரியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அது பெரும்பாலும் பனி. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், லென்ஸில் மங்கலாகப் படலம் தெரியும். துடைக்க வேண்டாம். 12 வோல்ட் டியூ ஹீட்டர் பட்டையை லென்ஸ் பகுதியைச் சுற்றிக் கட்டி, தொடக்கத்திலிருந்தே குறைந்த சூட்டில் ஓடவிடுங்கள். ஹீட்டர் ஓடிக் கொஞ்ச நேரமான பிறகு ஃபோகஸ் பாருங்கள். லென்ஸ் சூடேறினாலும் ஃபோகஸ் மாறும்.