பேஸ் கிட்டாருக்குக் கம்ப்ரஸர் பெடல்: முதலில் நன்றாகக் கெடுங்கள், அப்புறம் சரிசெய்யலாம்

கம்ப்ரஸர், அதாவது வாசிப்பில் எகிறும் சத்தத்தை அடக்கிச் சமப்படுத்தும் பெடல், வாங்கிய புதிதில் நான் செய்தது இதுதான்: எல்லாக் குமிழையும் நடுவில் வைத்தேன், காலால் அமுக்கினேன், சத்தம் கொஞ்சம் கூடினமாதிரி இருந்தது, 'ஆகா, இதுதான் கம்ப்ரஷன்' என்று நம்பிவிட்டேன். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. ஒரு கல்யாண ரிசப்ஷன் கச்சேரிக்கு சவுண்ட் செக் நடக்கும்போது மிக்ஸரில் உட்கார்ந்திருந்த அண்ணன், "தம்பி, பேஸ் இருக்கு, ஆனா அடி தெரியல. கால்கிட்ட என்னமோ லைட் எரியுதே, அதை ஆஃப் பண்ணிப் பாரு" என்றார். ஆஃப் செய்தேன். டிரம்மர் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். காசு போட்டு வாங்கிய பெட்டி என் வாசிப்பை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்கு அது காதில் விழவே இல்லை.

சிக்கலே அங்கேதான். டிஸ்டார்ஷன் பெடலை அமுக்கினால் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியும். கம்ப்ரஸர் அப்படியில்லை, ஒழுங்காக வைத்தால் அது இருப்பதே தெரியாது, தப்பாக வைத்தாலும் புதிதாக வாசிப்பவருக்குத் தெரியாது. அதனால் இங்கே தலைகீழாகப் போகப்போகிறோம். வேண்டுமென்றே மோசமாக வைத்து, கெட்ட சத்தம் எது என்று காதுக்குக் காட்டிவிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு குமிழாகப் பின்வாங்கி வருவோம்.

ரிமோட் கையில் வைத்திருக்கும் அப்பா

ராத்திரி டிவியில் படம் ஓடுகிறது, ரிமோட் அப்பா கையில். வசனம் மெதுவாகப் போகும்வரை சும்மா இருப்பார். சண்டை வந்து கண்ணாடி உடைந்தால் சத்தத்தைக் குறைப்பார், சண்டை ஓய்ந்ததும் பழையபடி கூட்டுவார். கம்ப்ரஸர் அந்த அப்பாதான்.

எந்த அளவுக்கு மேல் போனால் அவர் கை ரிமோட்டுக்குப் போகிறதோ அது த்ரெஷோல்ட். எவ்வளவு குறைக்கிறார் என்பது ரேஷியோ. 4:1 என்றால், எல்லையைத் தாண்டி 8 டெசிபல் உள்ளே வந்தால் 2 டெசிபல்தான் வெளியே போகும். எவ்வளவு சீக்கிரம் குறைக்கிறார் என்பது அட்டாக். சத்தம் அடங்கியபிறகு எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறார் என்பது ரிலீஸ். பெரிய சத்தங்களை இப்படி அடக்கினால் மொத்தமே சின்னதாகிவிடும் இல்லையா, அதைத் திரும்பத் தூக்கிவிடுவது அவுட்புட், சில பெடல்களில் லெவல் என்று போட்டிருப்பார்கள். ரேஷியோ 10:1ஐத் தாண்டினால் அப்பா ரொம்பக் கண்டிப்பானவர், அதற்கு லிமிட்டர் என்றே தனிப் பெயர் உண்டு.

பேஸுக்கு இது எதற்கு? ஈ ஸ்ட்ரிங்கைத் திறந்து அடித்தால் குமுறுகிறது, அதே விரல் ஜி ஸ்ட்ரிங்கில் 12ஆவது ஃப்ரெட்டுக்குப் போனால் மெலிகிறது. ஆள்காட்டி விரல் ஒரு பலத்தில் அடிக்கிறது, நடுவிரல் வேறொரு பலத்தில். தனியாக வாசிக்கும்போது இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்ததும் நான்கு சுரத்தில் ஒன்று காணாமல் போகும்.

1. பெடலைத் தொடுவதற்கு முன்

பேஸை நேராக ஆம்பில் செருகி நான்கு ஸ்ட்ரிங்கையும் ஒரே பலத்தில் அடித்துப் பாருங்கள். ஈ மட்டும் எப்போதும் துருத்திக்கொண்டு நின்றால் அதற்கு மருந்து கம்ப்ரஸர் இல்லை, ஸ்க்ரூ டிரைவர். ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் அந்தப் பக்கத்து ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று திருகி பிக்கப்பைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அபிப்பிராயம், பெடல் விற்பவர் யாரும் இதைச் சொல்லப்போவதில்லை. ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே இருக்கும் பேட்டரியையும் பாருங்கள்.

பயிற்சிக்கு ஹெட்ஃபோன் நல்லது. ஈ ஸ்ட்ரிங்கின் அடிச்சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ், வீட்டு ஆம்பின் சின்ன ஸ்பீக்கர் அதைச் சரியாகத் தராது, நாம் கேட்பது பெரும்பாலும் அதன் மேல் ஒலிகளைத்தான். ஃபோனில் பதிவு செய்து ஒப்பிட வேண்டாம். பல ஃபோன்கள் ஏற்றத்தாழ்வைத் தாமே சமப்படுத்திவிடும், நீங்கள் கேட்பது உங்கள் கம்ப்ரஸரையா ஃபோனுடையதையா என்று தெரியாது.

2. செருகுவது

பேஸ், ட்யூனர், கம்ப்ரஸர், அப்புறம் ஓவர்டிரைவ், கோரஸ் எல்லாம், கடைசியில் ஆம்ப். ஆட்டோ-வா ('வா வா' என்று வாய் திறந்து மூடுவதுபோல் ஒலிக்கவைக்கும்) வகைப் பெடல் வைத்திருந்தால் மட்டும் அதைக் கம்ப்ரஸருக்கு முன்னால் வையுங்கள், ஏனென்றால் அது நீங்கள் எவ்வளவு பலமாக அடிக்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கும்; அந்த ஏற்ற இறக்கத்தை முன்னாலேயே தட்டையாக்கிவிட்டால் அதற்கு வேலை இருக்காது. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ் உள்ள அடாப்டர் வேண்டும். பெடலின் மேலேயே குறி போட்டிருக்கும், பார்த்துவிட்டுச் செருகுங்கள். பேட்டரியில் ஓட்டினால் வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். கேபிள் செருகியிருந்தால், காலால் ஆஃப் செய்திருந்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.

3. உங்கள் பெடலில் என்னென்ன இருக்கிறது

இதுதான் புதியவரைக் குழப்பும், ஒரே வேலைக்கு ஆளுக்கொரு பெயர். எம்.எக்ஸ்.ஆர். எம்87 பேஸ் கம்ப்ரஸரில் த்ரெஷோல்ட் என்ற குமிழே கிடையாது. இன்புட்டைக் கூட்டினால் சத்தம் எல்லையை நோக்கித் தள்ளப்படும், விளைவு ஒன்றுதான். அதே கம்பெனியின் பழைய டைனா காம்ப்பில் மொத்தமே இரண்டு குமிழ், அவுட்புட்டும், எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதைச் சொல்லும் சென்சிடிவிட்டியும். பாஸ் கம்பெனியின் பிசி-1எக்ஸில் த்ரெஷோல்ட், ரேஷியோ, ரிலீஸ், லெவல் இருக்கும், அட்டாக் இருக்காது. டிசி எலக்ட்ரானிக்கின் ஸ்பெக்ட்ராகாம்ப்பில் ஒரே ஒரு குமிழ்தான்.

அட்டாக், ரிலீஸ் குமிழ்களை எந்தப் பக்கம் திருப்பினால் வேகம் என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோக்களில் 1960களின் கடைசியிலிருந்து புழங்கும் 1176 கம்ப்ரஸரில் வலப்பக்கம் கடைசிவரை திருப்பினால்தான் அதிவேகம், மற்ற பல கருவிகளில் நேர் எதிர். தெரியாமல் திருப்பிவிட்டு அரைமணி நேரம் 'ஒன்றும் மாறவில்லையே' என்று முழித்த அனுபவம் எனக்கு உண்டு.

4. இப்போது கெடுங்கள்

ரேஷியோ உச்சத்தில். அட்டாக் அதிவேகம். ரிலீஸ் அதிவேகம். த்ரெஷோல்ட் அடியில் (அல்லது சென்சிடிவிட்டி, இன்புட் எதுவோ அது முழுசாக). ஆம்பின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது சுரத்தின் தலை. விரல் கம்பியை விட்டு விலகும் நொடியில் ஒரு 'டக்' இருக்கும், அது போய் 'பொத்' என்று தலையணையில் குத்தினமாதிரி ஆகியிருக்கும். ரிசப்ஷனில் அந்த அண்ணன் 'அடி தெரியல' என்றது இதைத்தான். இடது கையால் ஸ்ட்ரிங்குகளை மூடிக்கொண்டு வலது கையால் மட்டும் அடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அடுத்து, ஈ ஸ்ட்ரிங்கைத் திறந்து அடித்து நீளமாக விடுங்கள். லேசாகக் கரகரவென்று கேட்கிறதா? 41 ஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலை முழுசாக வந்துபோக ஏறக்குறைய 24 மில்லிசெகண்ட் ஆகும். ரிலீஸ் அதைவிட வேகமாக இருந்தால் கம்ப்ரஸர் சுரத்தைக் கவனிப்பதை விட்டுவிட்டு அலையின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் துரத்த ஆரம்பிக்கும், அந்தக் கரகரப்பு அதுதான். கிட்டாருக்கு வேலை செய்யும் அமைப்பு பேஸில் சொதப்புவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மூன்றாவது, வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா கேளுங்கள். சுரம் அடங்க அடங்க 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் மேலே ஏறி வரும். பக்கத்தில் ட்யூப்லைட்டோ சார்ஜரோ இருந்தால் அதுவும் சேர்ந்து பாடும்.

இந்த மூன்றையும் ஒரு பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டே இருங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இனிமேல் எந்த மேடையில் வந்தாலும் அடையாளம் தெரியும்.

5. அட்டாக்கைப் பின்னுக்கு இழுங்கள்

மற்றதெல்லாம் மோசமாகவே இருக்கட்டும், அட்டாக்கை மட்டும் மெதுவாக்கிக்கொண்டே ஒரே சுரத்தை அடியுங்கள். ஓரிடத்தில் 'பொத்' போய் 'டக்' திரும்பி வரும், அங்கே நிறுத்துங்கள். மில்லிசெகண்ட் போட்ட கருவி என்றால் விரலால் வாசிப்பவர்களுக்கு 20இலிருந்து 40க்குள் பெரும்பாலும் ஒத்துவரும். இன்னும் மெதுவாக்கிக்கொண்டே போனால் அடி மட்டும் தனியாகத் துருத்தி வால் சுருங்கிவிடும், அதுவும் வேண்டாம்.

அட்டாக் குமிழே இல்லாத பெடல் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம், பிளெண்ட் குமிழ் இருந்தால் தப்பித்தீர்கள். கம்ப்ரஸர் தொடாத சத்தத்தையும் கொஞ்சம் கலந்துவிட்டால் அந்த 'டக்' அதன் வழியாக வந்துவிடும்.

6. ரிலீஸ், பாட்டின் வேகத்துக்கு

மெட்ரோனோமை 100இல் வையுங்கள். ஒரு தட்டுக்கு 600 மில்லிசெகண்ட், தட்டுக்கு இரண்டு சுரம் வாசித்தால் ஒவ்வொன்றுக்கும் 300. அடுத்த சுரம் வருவதற்குள் கம்ப்ரஸர் மூச்சு விட்டுப் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். எம்87 மாதிரி எல்.இ.டி. வரிசை இருக்கும் பெடல் என்றால் கண்ணாலேயே பார்க்கலாம்: அடித்ததும் விளக்குகள் ஏறும், அடுத்த அடிக்குள் இறங்க வேண்டும். இறங்காமல் நின்றுகொண்டே இருந்தால் ரிலீஸ் ரொம்ப மெதுவு, முதல் சுரத்தின் தண்டனையை அடுத்தடுத்த சுரங்கள் அனுபவித்துக்கொண்டிருக்கின்றன. கரகரப்பு கேட்டால் ரொம்ப வேகம். இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

7. ரேஷியோவும் த்ரெஷோல்டும்

ரேஷியோவை 4:1க்கு இறக்குங்கள். எம்87இல் கீழ்மட்டமே அதுதான். இப்போது த்ரெஷோல்டை மேலே ஏற்றிக்கொண்டே போய் (அந்தக் குமிழ் இல்லாவிட்டால் இன்புட்டையோ சென்சிடிவிட்டியையோ குறைத்துக்கொண்டே போய்), மெதுவாக வாசிக்கும்போது விளக்கு எரியாமலும், வழக்கமான பலத்தில் எப்போதாவது எட்டிப்பார்த்தும், வேகம் வந்து அழுத்தி அடிக்கும்போது 3இலிருந்து 6 டெசிபல் வரை குறைப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வசதி இல்லாவிட்டால், கம்ப்ரஷன் நன்றாகத் தெரியும் இடத்தைக் கண்டுபிடித்து, தெரியுமா தெரியாதா என்று சந்தேகம் வரும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒற்றைக் குமிழ் பெடல்களுக்கும் இதே வழிதான்.

ஸ்லாப், அதாவது கட்டைவிரலால் ஸ்ட்ரிங்கைத் தட்டி வாசிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. பாப் செய்யும் (விரலால் ஸ்ட்ரிங்கை இழுத்துச் சுண்டும்) சுரம் மற்றதைவிட எகிறிக் குதிக்கும், அதைப் பிடிக்க 8:1 வரைகூடப் போகலாம், அட்டாக்கும் கொஞ்சம் வேகமாக இருக்கலாம்.

8. சத்தம் சமமா என்று பாருங்கள்

நான் ஏமாந்த இடம் இதுதான், இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சத்தம் கூட இருப்பது நம் காதுக்கு எப்போதும் நன்றாகத்தான் கேட்கும். பெடல் ஆனில் ஒரு மடங்கு சத்தமாக இருந்தால் அது எவ்வளவு கெடுத்தாலும் 'சூப்பர்' என்போம். ஆகவே ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தபடி காலால் ஆன், ஆஃப், ஆன், ஆஃப் செய்து, சத்தத்தில் வித்தியாசம் தெரியாத இடத்தில் அவுட்புட்டை நிறுத்துங்கள். வீட்டில் யாரையாவது கூப்பிட்டுப் பெடலை அமுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் திரும்பி நின்று கேட்டால் இன்னும் நல்லது. என் தங்கை இரண்டு தடவை அமுக்குவதுபோல் நடித்துவிட்டு அமுக்காமலே இருந்தாள், நானும் 'ஆ, இப்ப நல்லாருக்கு' என்றேன்.

9. மற்றவர்களோடு

தனியாகக் கேட்டபோது பிரமாதமாக இருந்த அமைப்பு குழுவில் மங்கலாகத் தோன்றலாம். அப்போது முதலில் குறைக்க வேண்டியது கம்ப்ரஷனை, கூட்ட வேண்டியது டிரெபிளை இல்லை. மிக்ஸரில் இருப்பவரிடம் 'நான் கம்ப்ரஸர் போட்டிருக்கேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், டிஜிட்டல் மிக்ஸரில் அவர் பக்கமும் உங்கள் சேனலுக்கு ஒன்று இருக்கும். இருவரும் தனித்தனியாக அமுக்கினால் பேஸ் தோசைக்கல்லில் பரப்பின மாவு மாதிரி ஆகிவிடும். ஓவர்டிரைவ் பெடல் தானாகவே ஓரளவு அமுக்கிவிடும் என்பதால், அது எரியும் பாட்டுகளில் நான் கம்ப்ரஸரை அணைத்தே வைக்கிறேன்.

உங்கள் தாளம் தள்ளாடினால் இந்தப் பெட்டி ஒன்றும் செய்யாது. முன்பு மெலிதாகப் போய் மறைந்த தப்புச் சுரம் இப்போது மற்றதோடு சமமாக நின்று கேட்கும், முதல் வாரம் கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கும்.

எல்லாம் அமைந்ததும் குமிழ்களை ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பையிலிருந்து வெளியே எடுக்கும்போது எப்படியும் ஒன்றாவது திரும்பியிருக்கும். மேடையில் கை வைப்பதென்றால் அவுட்புட்டில் மட்டும் வையுங்கள். அதையும் பாட்டுக்கு நடுவில் குனிந்து திருகாதீர்கள், என் பழைய பேஸின் ஹெட்ஸ்டாக்கில் மைக் ஸ்டாண்ட் இடித்த தழும்பு இன்னும் இருக்கிறது.