கருவிழிப் புண்: மெடிக்கல் ஷாப்பில் தொடங்கும் தவறுகள்

பெங்களூர் பீன்யாவில் கிரைண்டர் பிடிப்பவரானாலும் சரி, ஒயிட்ஃபீல்டு கட்டடத்தில் கம்பி கட்டுபவரானாலும் சரி, கண்ணில் ஏதாவது தெறித்தால் முதலில் போய் நிற்பது தெருமுனை மெடிக்கல் ஷாப்பில்தான். “கண்ணு செவந்திருக்கு, சொட்டு மருந்து குடுங்க” என்று கேட்டால், பல சமயம் கைக்கு வருவது ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த பாட்டில். போட்ட இரண்டு நாளில் சிவப்பும் வலியும் குறையும். ஆபத்தே அந்தக் குறைவில்தான் இருக்கிறது.

கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே கூடுதல் தடிமன் கொண்டது. அதன் மேல்தோல் கீறாத வரை பெரும்பாலான கிருமிகள் உள்ளே நுழைய முடியாது. கீறலில் இலைத் துணுக்கோ மண்ணோ பட்டால் பூஞ்சை நுழையலாம். குளிர் நாடுகளில் கருவிழிப் புண் என்றால் பெரும்பாலும் பாக்டீரியாதான். தென்னிந்தியாவில் ஏறக்குறைய பாதிப் புண்கள் பூஞ்சையால் வருகின்றன. வெளிநாட்டு இணையதளம் சொல்லும் வைத்தியம் இங்கே பொருந்தாமல் போவது இதனால்தான். ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பை அடக்கிவிடும், பூஞ்சைக்குப் பாதை திறந்துவிடும். மருந்துப் பெட்டியில் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், லோட்டிபிரெட்னால் என்று ஏதாவது அச்சாகியிருந்தால், கண் மருத்துவர் பார்க்காமல் அதைத் தொட வேண்டாம்.

“ஸ்டீராய்டு போட்டால் தப்பில்லை என்று ஆராய்ச்சியே சொல்லிவிட்டதே” என்று சிலர் வாதாடுவார்கள். 2012இல் வெளிவந்த அந்த ஆய்வில் 500 நோயாளிகள்; பெரும்பாலோர் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள். பாக்டீரியாதான் என்று கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், உறுதியானவர்களுக்கு, 48 மணி நேரம் மாக்ஸிஃபிளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் போட்ட பிறகே ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தும் மூன்று மாதம் கழித்து, ஸ்டீராய்டு போட்டவர்கள், போடாதவர்கள் என்ற இரு பிரிவினரின் பார்வையிலும் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. கடையில் வாங்கிய கலவைக்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

அடுத்த தவறு, புண்ணைச் சுரண்டிப் பார்ப்பதற்குப் பயந்து “சொட்டு மருந்தே எழுதிக் குடுங்க டாக்டர்” என்று கெஞ்சுவது. மரத்துப்போக மருந்து விட்ட பிறகு, சிறு கரண்டி போன்ற கருவியால் புண்ணின் ஓரத்தையும் அடியையும் சுரண்டுவார்கள். சில நிமிட வேலை. அதை பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழை இருக்கிறதா என்பது பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். கல்ச்சருக்குச் சில நாள் ஆகும். ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் போட்டிருந்தால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம். அதனால் இதுவரை போட்ட எல்லா பாட்டிலையும், காலியானதைக்கூட, கையோடு எடுத்துப் போங்கள்.

பூஞ்சை என்று தெரிந்த பிறகு நடக்கும் தவறுகள்தான் அதிகம். நடாமைசின் 5% பழைய மருந்து, வோரிகோனசோல் புதியது, விலையும் கூடுதல்; ஆகவே அதுதான் உசத்தி என்ற எண்ணம் பரவலாக உண்டு. 323 பேரைக் கொண்டு இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வெளிவந்தது. இதுவும் நம் ஊர்ப்பக்கம் நடந்ததுதான். வென்றது நடாமைசின், குறிப்பாக ஃபியூசேரியம் வகைப் பூஞ்சையில் வித்தியாசம் பெரிது. வோரிகோனசோல் மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த அடுத்த ஆய்வில், கருவிழி ஓட்டையாவது மொத்தத்தில் குறையவில்லை.

நடாமைசின் கரையாத தூள் கலந்த மருந்து. குலுக்காமல் விட்டால் மேலே நிற்கும் தெளிந்த நீர்தான் கண்ணுக்குப் போகும். கண்ணோரம் வெள்ளையாகப் படிந்தால் அது மருந்துதான், சீழ் என்று பயப்பட வேண்டாம். அந்த ஆய்வில் கடைப்பிடித்த கணக்கு இது: முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, பிறகு மூன்றாம் வாரம் முடியும் வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு. உங்களுக்கு மருத்துவர் எழுதியது வேறாக இருந்தால் அதன்படியே போடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு சொட்டு போதும், இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். வேறு மருந்தும் இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள், களிம்பைக் கடைசியில் போடுங்கள். ஒரு நாளைக்குப் பதினாறு சொட்டு என்றால் 5 மி.லி. பாட்டில் ஆறு நாளில் தீரும். திருவண்ணாமலைக்கோ தர்மபுரிக்கோ பஸ் ஏறுமுன் இன்னொரு பாட்டில் வாங்கிவையுங்கள். எல்லாக் கடையிலும் இது கிடைக்காது. சுரண்டிய முடிவு எழுதிய தாளும் உடன் இருக்கட்டும். ஊரில் பார்க்கும் டாக்டர் அதைப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஒர்க்‌ஷாப் முதலுதவிப் பெட்டியில் கண் மரத்துப்போகும் சொட்டு மருந்து இருந்தால் தூக்கி எறியுங்கள். வெல்டிங் வெளிச்சம் பட்ட வலிக்கு அதைத் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழியின் மேல்தோல் ஆறாது, புண் உருகிப் பெரிதாகும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நாக்கால் தூசி எடுப்பது, கட்டுப் போட்டு மூடுவது எதுவும் வேண்டாம். சுண்ணாம்போ சிமெண்டோ விழுந்தால் மட்டும் கதை வேறு. ஆட்டோ தேடாதீர்கள், அங்கேயே குழாயடியில் குறைந்தது அரை மணி நேரம் கழுவிவிட்டுப் பிறகு கிளம்புங்கள்.

புண் ஆறிப் பூ விழுந்த பிறகு “உடனே கண் மாத்திடலாமா?” என்ற கேள்வி வரும். மாற்றுவது முழுக் கண்ணை அல்ல, கருவிழியை மட்டும். 2021இல் புனீத் ராஜ்குமாரின் கண்தானத்தால் பெங்களூரில் நான்கு பேர் பார்வை பெற்றார்கள். ஒவ்வொரு கருவிழியையும் முன்படலம், பின்படலம் என்று பிரித்துப் பொருத்தியதால் அது முடிந்தது. படலத்தை மட்டும் மாற்றுவது எல்லாப் புண்ணுக்கும் ஆகாது. ஓட்டை விழுந்த கண்ணுக்குப் பெரும்பாலும் முழுத் தடிமனும் தேவை. அவசரமும் வேண்டாம். தழும்பு மாதக்கணக்கில் மெலியும், கடின வகை கான்டாக்ட் லென்ஸ் போட்டாலே சிலருக்குப் பார்வை நன்றாகக் கூடும்.

வெற்றி விகிதத்தைப் படிக்கும்போதும் யாருடைய கண் என்று கேளுங்கள். அமெரிக்காவின் கருவிழி தான ஆய்வில் ஐந்து ஆண்டு கழித்து 86% கருவிழிகள் தெளிவாக இருந்தன. அவை உள்படலச் செல்கள் கெட்ட கண்கள். பூஞ்சை கொதித்துக்கொண்டிருக்கும்போது கண்ணைக் காப்பாற்றவே செய்யும் மாற்று அறுவைக்கு அந்த எண் பொருந்தாது. அறுவை முடிந்து, “சரியாயிடுச்சு” என்று ஸ்டீராய்டு சொட்டைத் தானாக நிறுத்துவது இன்னொரு வகை ஆபத்து. இங்கே அதே மருந்துதான், பொருத்திய கருவிழியை உடல் நிராகரிப்பதைத் தடுக்கிறது; மாதக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். சிவப்பு, வெளிச்சம் கூசுதல், பார்வை மங்கல், வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போங்கள். தையல் தளர்ந்து உறுத்தினாலும் அப்படியே. முடியைவிட மெல்லிய நைலான் நூல்தான், ஆனால் கிருமி உள்ளே போக அந்த இடைவெளி போதும்.