அவசரத்துக்கு நிலம் விற்கிறீர்களா? அட்வான்ஸ் வாங்குமுன்...

பத்திரம் எழுதுவது என் பிழைப்பு. போன வாரம் ஒரு தம்பி வந்தான். அப்பா ஐசியூவில், கையில் தரகர் கொடுத்த அக்ரிமெண்ட் நகல். படித்ததும் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. இந்தத் தொழிலுக்கு வருமுன் நான் கையெழுத்துப் போட்ட அதே மாதிரித் தாள். பட்டாவைப் பார், வில்லங்கம் போடு என்பதை டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விடுகிறேன்.

சின்ன அட்வான்ஸ், நீண்ட கெடு

அப்பா போன மறு வருஷம் அம்மாவுக்கு டயாலிசிஸ். தாத்தா காலத்து இரண்டரை ஏக்கரை விற்பதைத் தவிர வழியில்லை. வாங்க வந்தவர் நாங்கள் சொன்ன விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஐம்பதாயிரம் அட்வான்ஸ், பதினோரு மாதக் கெடு, அக்ரிமெண்டைப் பதிவும் செய்தாயிற்று. அவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கூடுதல் விலைக்கு வேறு ஆள் தேடினார். நாங்கள் வட்டிக்கு அலைந்தோம்.

கெடு முடிந்தால் அக்ரிமெண்ட் செத்துவிடும் என்று நினைத்தேன். சாகாது. வில்லங்கச் சான்றில் நிற்கும். அதைப் பார்த்த அடுத்த ஆள் வரப்பிலேயே திரும்பிவிடுவார். எடுக்க வேண்டுமானால் இரு தரப்பும் கையெழுத்திட்டு ரத்துப் பத்திரம் பதிய வேண்டும், இல்லையென்றால் கோர்ட். கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட அவருக்கு 3 ஆண்டு அவகாசம் வேறு. கடைசியில் ஐம்பதாயிரத்துக்கு ஒன்றரை லட்சம் கொடுத்து ரத்து வாங்கினோம்.

ஒரு மாதத்தில் பணம் வேண்டுமா, கெடுவும் ஒரு மாதம்தான். அட்வான்ஸ் விலையில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். கெடு தவறினால் வாங்குபவரே வந்து ரத்துப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். "இதெல்லாம் கேட்டா ஆள் ஓடிருவாருண்ணே" என்றான் தம்பி. ஓடட்டும் என்றேன்.

அக்கா தங்கை கையெழுத்து

"அதான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே" என்பது சட்டத்தில் செல்லாது. இந்துக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் போனால், அவருடைய பங்கில் மகளுக்கும் சம உரிமை 1956 சட்டத்திலேயே உண்டு. பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை 1989 தமிழ்நாட்டுத் திருத்தத்திலும், பிறகு 2005 மத்தியத் திருத்தத்திலும் வந்தது. வேண்டாம் என்கிறவர் விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும்; மற்றவர் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும். விலை பேசுமுன்பே அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். பதிவு நாளன்று போன் போட்டுக் கூப்பிட்டால் வர மாட்டார்கள், வரவும் கூடாது.

பவர்

உங்கள் சார்பில் நிலத்தை விற்கும் அதிகாரப் பத்திரத்தைத் தரகருக்குக் கொடுக்காதீர்கள்.

பங்குக் கிணறு

கிணற்றில் எத்தனை பங்கு, மோட்டாரின் மின் இணைப்பு யார் பேரில், வழக்கமாகப் போய்வரும் மாமூல் பாதை எந்த வரப்பில் என்று கிரயத்திலேயே எழுதுங்கள். எங்களுக்குக் கிணற்றில் நாலில் ஒரு பங்கு. அதை எழுத விட்டுப்போனதில், நிலத்தை வாங்கியவரும் என் சித்தப்பாவும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.