பழைய பேச்சுப்பெட்டிகளை எமுலேட் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்டாக், வோட்ராக்ஸ், டபுள்டாக் என்று 1980, 90களில் பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டிய பெட்டிகளை அதேபோல் நடந்துகொள்ளும் மென்பொருளாக (எமுலேட்டராக) இன்றைய கணினிக்குள் கொண்டுவர முயல்பவர்கள் பெரும்பாலும் குரலில்தான் தொடங்குகிறார்கள். அசலின் பதிவோடு ஒப்பிட்டு, ஒன்றுபோல் கேட்டதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். ஆனால் நாள் முழுக்க அந்தக் குரலோடு வேலை செய்பவருக்கு அது எப்படிப் பேசுகிறது என்பதைவிட, எவ்வளவு சட்டென்று வாயை மூடுகிறது என்பதுதான் முக்கியம்.

கீழ் அம்புக்குறியைத் தட்டித் தட்டி இறங்குபவர் எந்த வரியையும் முழுதாகக் கேட்பதில்லை. முதல் சொல் காதில் விழுந்ததும் அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஒவ்வொரு தட்டலுக்கும் ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதை எடுத்துப் பெட்டிக்கு அனுப்பும் மென்பொருள்) ‘நிறுத்து’ என்று ஒரு பைட் அனுப்பும்: டெக்டாக் எக்ஸ்பிரஸுக்கு கன்ட்ரோல்-சி, டபுள்டாக் எல்டிக்கு கன்ட்ரோல்-எக்ஸ். அது வந்ததும் எமுலேட்டர், இன்னும் பேசாத எழுத்துகள் காத்திருக்கும் தன் உள்வரிசையைக் காலி செய்கிறது. சரி, ஏற்கெனவே ஒலியாக மாறி இயங்குதளத்தின் ஆடியோ பஃபரில் (ஒலி ஸ்பீக்கருக்குப் போகுமுன் தங்கும் இடத்தில்) காத்திருப்பதை என்ன செய்வது? அதையும் தூக்கி எறியாவிட்டால் ஒவ்வொரு வரியின் முன்னாலும் பழைய வரியின் வால் ஒட்டிக்கொண்டு வரும். பஃபரையும் முடிந்தவரை சிறிதாக வையுங்கள். பாட்டுக் கேட்கும்போது தெரியாத தாமதம் இங்கே விரலுக்கே தெரியும்.

அடுத்தது இண்டெக்ஸ் குறி. உரையின் நடுவே ஸ்கிரீன் ரீடர் குறிகளைச் செருகி அனுப்பும். பேச்சு அந்த இடத்தைத் தொட்டதும் பெட்டி பதில் சொல்லும். அந்தப் பதிலை வைத்துத்தான் ஸ்கிரீன் ரீடர் கர்சரை நகர்த்தும். குறி வந்து சேர்ந்த உடனேயே பதில் அனுப்புவது சுலபம் என்பதால் பலரும் இதில் சறுக்குகிறார்கள். குரல் இரண்டாம் பத்தியில் இருக்கும்போது கர்சர் கோப்பின் கடைசிக்கு ஓடிவிடும். வாசிப்பை நிறுத்தினால் எங்கே நின்றோம் என்றே தெரியாது. அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் உண்மையிலேயே ஒலித்த பிறகுதான் பதில் போக வேண்டும்.

கணினியையும் பெட்டியையும் இணைத்த சீரியல் போர்ட்டிலும் கவனம் தேவை. 9600 பாட் வேகத்தில் நொடிக்குச் சுமார் 960 எழுத்துகள் வரும். எந்த வாயாலும் அவ்வளவு வேகமாகப் பேச முடியாது. அசல் பெட்டி நிரம்பியதும் ‘பொறு’ என்று கை காட்டும். அதை எமுலேட் செய்யாமல் விட்டால் எழுத்துகள் தொலையும், அல்லது பழைய டாஸ் நிரல் அனுமதிக்காகக் காத்துக்கொண்டே உறைந்து நிற்கும்.

குரலை ‘மேம்படுத்தும்’ ஆசையும் வேண்டாம். டெக்டாக்கின் முதல் பெட்டியான டிடிசி01 நொடிக்கு 10,000 சாம்பிள்கள் (ஒலியின் அளவுப் புள்ளிகள்) தான் தருகிறது, ஆகவே அதில் பாதியான 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதில் எதுவும் கிடையாது. அங்கே மினுமினுப்பைக் கூட்டினாலும், கரகரப்பை மழுக்கினாலும், வேகமாகக் கேட்டுப் பழகிய காது தடுமாறும். வோட்ராக்ஸின் எஸ்சி-01 சிப்பில் வேகமும் சுருதியும் ஒரே கடிகாரத்தில் தொங்குகின்றன. கடிகாரத்தை முடுக்கினால் குரலும் கீச்சிடும். அது பிழையல்ல, திருத்தாதீர்கள். பேச்சு ஆய்வாளர் டெனிஸ் கிளாட் தன் குரலை வைத்து உருவாக்கிய டெக்டாக் குரலான ‘பர்ஃபெக்ட் பால்’கூடப் பதிப்புக்குப் பதிப்பு வேறு ஆள்தான். பின்னாளைய மென்பொருளை உள்ளே வைத்துவிட்டு டிடிசி01 என்று பெயரிட்டால் பழைய பயனர் இரண்டு வாக்கியத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, போர்ட் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் சாளரத்தில், ஸ்கிரீன் ரீடர் வாசிக்கப் பெயரே இல்லாத பட்டன்களை வைப்பவர்களும் உண்டு. பேசும் பெட்டியைப் பேசவைக்கவே கண் தெரிந்த ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.