வங்கி ஏலத்தில் வீடு வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடனைக் கட்டாதவர்கள் அடமானம் வைத்த சொத்தை வங்கி ஏலத்தில் விற்கும். முன்பெல்லாம் வங்கி ஏலம் என்றால் கிளை அலுவலகத்தில் மூடிய உறையில் விலை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஊர் நிலத்தரகர்கள் முன்கூட்டியே தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு வருவார்கள். வெளியாள் உள்ளே நுழைவதே பெரும்பாடு. இணைய ஏலம் வந்து அந்தக் கூட்டணியை உடைத்தது. 2019 டிசம்பரில் பொதுத்துறை வங்கிகளுக்கான இ-பிக்ரய் தளம் வந்தது. 2025 ஜனவரியில் அதைப் புதுப்பித்து பேங்க்நெட் என்று தொடங்கியபோது, 1.22 லட்சத்துக்கும் மேற்பட்ட சொத்துகள் அதில் இருந்தன. இன்று தாராபுரத்து வீட்டுக்குச் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஏலத்தில் விலை கேட்கலாம்.

இது நல்ல மாற்றம்தான். ஆனால் புதிதாக வருகிறவர்கள், உறை காலத்தில் நாங்கள் விழுந்த அதே குழிகளில் இப்போது கைப்பேசியோடு விழுகிறார்கள். பத்திரத்தைப் பாருங்கள், போலித் தளத்தில் பணம் கட்டாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுவாதீனம் யாரிடம் என்று பார்க்காமல் விலை கேட்பது

ஏல அறிவிப்பில் சொத்து விவரத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 'பிசிக்கல்' அல்லது 'சிம்பாலிக்' என்று போட்டிருப்பார்கள். பிசிக்கல் என்றால் வீட்டுச் சாவி வங்கியிடம் இருக்கிறது. சிம்பாலிக் என்றால் வங்கி சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே கடன் வாங்கியவரோ அவருடைய வாடகைதாரரோ அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருப்பார்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். கோவையில் ஒரு அடுக்குமாடி வீட்டை இப்படித்தான் எடுத்தார். சந்தை விலையைவிட நன்றாகக் குறைவு. கிளையில் விசாரித்தபோது, "ரெண்டு மாசத்துல சாவி வாங்கிக் கொடுத்துடறோம் சார்" என்றார்கள். முழுப் பணமும் கட்டினார், விற்பனைச் சான்றிதழும் கைக்கு வந்தது. வீட்டுக்குப் போனால் கடன் வாங்கியவரின் குடும்பம் அங்கேயே இருக்கிறது. வங்கிக் கடன் வழக்குகளை விசாரிக்கும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு இடைக்காலத் தடையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். தம்பி திரும்ப கிளைக்குப் போனார். இரண்டு மாதம் என்று சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் ஏல நிபந்தனைகளை எடுத்துக் காட்டினார்: சொத்து எங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே விற்கப்படுகிறது. ஒரு பக்கம் வீட்டுக்கடன் தவணை, இன்னொரு பக்கம் பெங்களூர் வாடகை என்று தம்பியின் குடும்பம் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வாய்ப்பேச்சில் சாவி தருகிறவர்கள், காகிதத்தில் மட்டும் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டார்கள்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிகளுக்கு அதிகாரம் தரும் சர்ஃபாசி சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனுச் செய்து, காவல்துறை உதவியோடு வீட்டைக் கைப்பற்றலாம். 30 நாட்களில் உத்தரவு வர வேண்டும், காரணம் இருந்தால் மொத்தம் 60 நாட்கள் வரை போகலாம் என்கிறது சட்டம். நடைமுறையில் அது மாதக்கணக்கில் இழுக்கும். உத்தரவு வந்த பிறகும் ஆள் அனுப்பிக் கதவைத் திறக்கத் தனியாகக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே விலை கேட்கும் முன் வங்கியிடம் மின்னஞ்சலில் இரண்டு கேள்வி கேளுங்கள். 14ஆம் பிரிவு மனு போட்டாயிற்றா, உத்தரவு எண் என்ன? இந்தச் சொத்தின் மேல் தீர்ப்பாயத்திலோ உயர் நீதிமன்றத்திலோ வழக்கு இருக்கிறதா? பதில் எழுத்தில் வரவில்லை என்றால் அந்தச் சொத்தை விட்டுவிடுங்கள். தீர்ப்பாய இணையதளத்தில் கடன் வாங்கியவர் பெயரைப் போட்டு நீங்களும் தேடிப் பாருங்கள். இந்த வழக்குகள் பெரும்பாலும் வில்லங்கச் சான்றில் தெரியாது. அப்புறம் நேரில் போங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் பத்து நிமிடம் பேசினால் அறிவிப்பில் இல்லாத பாதிக் கதை வந்துவிடும். தளத்தில் போட்டிருக்கும் படங்களை நம்பி லட்சக்கணக்கில் இறங்குவது எனக்குப் புரியவே இல்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் சிம்பாலிக் சொத்து வேண்டும் என்றால், ஒன்றிரண்டு வருடம் வீடு கைக்கு வராது என்று வைத்து, அந்த வட்டியையும் வழக்குச் செலவையும் கழித்துவிட்டு உங்கள் உச்ச விலையை முடிவு செய்யுங்கள்.

கடன் கிடைத்துவிடும் என்று நம்பிப் பொத்தானை அமுக்குவது

ஏலம் உங்கள் பெயரில் முடிந்தால், அன்றோ அடுத்த வேலை நாளிலோ, ஏலத்தில் சேரும்போதே கட்டிய முன்பணத்தையும் சேர்த்து விலையில் 25 சதவீதம் கட்ட வேண்டும். மீதியை விற்பனை உறுதியான 15ஆம் நாளுக்குள் கட்ட வேண்டும். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் 3 மாதம். தவறினால் கட்டிய பணம் போய்விடும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு இதற்குச் சாட்சி. 12 கோடிக்கு மேல் விலை கேட்டவர் கடன் கிடைக்காமல் மீதியைக் கட்டவில்லை. வங்கி 3 கோடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதை 55 லட்சமாகக் குறைத்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, முழுத் தொகையையும் வங்கி வைத்துக்கொள்ளலாம் என்றது. இத்தனைக்கும் அந்தச் சொத்து மறுபடி இன்னும் கூடுதல் விலைக்கே விற்றிருந்தது.

முதலில் கடனுக்கு முன் ஒப்புதல் வாங்குங்கள். பிறகு ஏலத்துக்குப் போங்கள்.

பழைய மின்கட்டண பாக்கி

உங்கள் தலையில் விழலாம். 2023இல் உச்ச நீதிமன்றமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. சொத்து வரி, பராமரிப்புத் தொகை பாக்கியையும் சேர்த்தே கேளுங்கள்.

கடைசி நொடிக்காகக் காத்திருப்பது

பலனில்லை. கடைசி நிமிடங்களில் யாராவது விலை கேட்டால் நேரம் தானாக நீளும்.

50 லட்சமும் அதற்கு மேலும்

வீட்டின் விலை இப்படி இருந்தால், அதில் 1 சதவீதத்தை வருமான வரியாக (டிடிஎஸ்) பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு.

வீட்டை இழக்கப் போகிறவர்கள் செய்யும் தவறு

ஏலத்தன்று காலை பணத்தோடு போனால் வீட்டை மீட்டுவிடலாம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு நிலைமை வேறு. ஏல விளம்பரம் வெளியாவதற்கு முன்பே பாக்கி முழுவதையும் கட்டியாக வேண்டும். அதன்பின் மீட்கும் உரிமை இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எனவே பாக்கியை 60 நாளில் கட்டச் சொல்லும் முதல் நோட்டீஸ் வந்தவுடனேயே அசைய வேண்டும். ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள். வங்கி 15 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நல்ல விலைக்கு வாங்க ஆள் இருந்தால் அதையும் அப்போதே சொல்லுங்கள். ஏலம் இல்லாமல் நேர்ப்பேச்சில் விற்கவும் விதிகளில் இடம் இருக்கிறது.